"முகம் ஒத்துப்போகுது" எண்டு மறிச்சால் என்ன செய்யிறது: யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு வழிகாட்டி

எங்கட பக்கத்தில நடந்த ஒரு பெரிய நிகழ்வில என்ர தம்பியைக் கூட்டத்துக்குள்ளால கூப்பிட்டு ஓரமா நிப்பாட்டி வச்சவை, ரெண்டரை மணித்தியாலம். ஒரு போனில இருந்த படத்தைக் காட்டி "இது நீர்தானே, முகம் ஒத்துப்போகுது" எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கினம். படத்தில இருந்த பெடியனுக்கு இடது புருவம் முழுசா இருந்தது. தம்பிக்குப் பள்ளிக்கூடத்தில கிரிக்கெட் பந்து பட்டுத் தைச்ச இடத்தில புருவம் ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு, அதை அவன் விரலால தொட்டுக் காட்டின பிறகுதான் ஒருத்தர் போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்து, சரி போம் எண்டு விட்டவர்.

அம்மா சொன்னவா, "உதை விடு பிள்ளை, பெடியன் வீட்டை வந்திட்டான்தானே" எண்டு. அம்மான்ர பயம் எனக்கு விளங்குது, எங்கட ஊரில அந்தப் பயத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனா அந்தப் படத்தையும் தம்பியையும் ஒப்பிட்டது ஆர், ஒரு மனிசனா அல்லது ஒரு மெசினா, இனியும் அவன் திருவிழாவுக்குப் போகேக்க மறிப்பினமா எண்டு எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதுக்கு நாலு மாதம் அலைஞ்சன். அதில பாதி என்ர பிழையான கடுதாசிகளால போன காலம், அது உங்களுக்குப் போகக்கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

முதல்ல ஒண்டு. கமரா நிக்குது எண்டதால அது முகத்தை அடையாளம் காணுது எண்டு அர்த்தமில்லை. சாதாரண சிசிரிவி கமரா படம் மட்டும்தான் பதியும். முகத்தை அளந்து ஒரு பட்டியலோட ஒப்பிடுறது அதுக்குப் பின்னால இருக்கிற மென்பொருள். அதுவும் ரெண்டு விதம், கூட்டம் நடந்து போகேக்கயே ஒப்பிடுறது ஒண்டு, பிறகு ஆறுதலாப் பதிவை எடுத்து வச்சு ஒப்பிடுறது மற்றது. மூண்டாவதா, ஒருத்தர் வட்ஸ்அப்பில வந்த படத்தைப் பார்த்துத் தன்ர கண்ணால "இவன்தான்" எண்டு சொல்லுறதும் இருக்கு. இதில எது நடந்தது எண்டு தெரியாமல் "நீங்கள் ஃபேஸ் ரெக்கக்னிஷன் பாவிச்சது பிழை" எண்டு எழுதினால் ஒரு வரியில "இல்லை" எண்டு வரும், கதை முடிஞ்சுது. நான் முதல்ல எழுதின ஒரு கடிதம் அப்பிடித்தான் முடிஞ்சது.

1. நிப்பாட்டின இடத்திலயே கேக்க வேண்டியது

மரியாதையா, சத்தம் போடாமல், ரெண்டு கேள்வி. "ஐயா, நான் இப்ப கைதா, அல்லது விசாரிக்க மட்டும்தான் வச்சிருக்கிறீங்களா?" "என்ன காரணம்?" அரசியலமைப்பின்ர 13(1) ஆம் உறுப்புரையின்படி கைது செய்யிற ஆளுக்குக் காரணம் சொல்லத்தான் வேணும். ஐசியை (அடையாள அட்டையை) காட்டுங்கோ, ஒளிக்க வேண்டாம், ஓட வேண்டாம். காட்டின படத்தை வடிவாப் பாருங்கோ, அது எங்க எடுத்த படம் மாதிரிக் கிடக்கு, பாஸ்போட் படமா, கமராவில மேல இருந்து எடுத்ததா, பேஸ்புக்கில இருந்து இறக்கினதா எண்டு மனசில பதியுங்கோ. தம்பி புருவத்தை மட்டும்தான் பார்த்தான், படத்தின்ர ஓரத்தில ஏதும் எழுத்தோ இலக்கமோ இருந்ததா எண்டு கேட்டால் அவனுக்கு ஞாபகம் இல்லை. அது பிறகு எங்களுக்குப் பெரிய குறையாப் போச்சு.

ஆளை இன்னும் விடேல்லை எண்டால் வீட்டில இருக்கிற ஆக்கள் உடன 1996 க்கு அடியுங்கோ, அது மனித உரிமைகள் ஆணைக்குழுவின்ர இலக்கம்.

2. அண்டிரவே எழுதி வையுங்கோ

நித்திரைக்குப் போறதுக்கு முதல். திகதி, மறிச்ச நேரம், விட்ட நேரம், எந்த வாசல், எந்தப் பந்தல், பக்கத்தில என்ன கடை, எத்தினை பேர், சீருடையில இருந்தவையா சிவிலில இருந்தவையா, சட்டையில இலக்கம் தெரிஞ்சால் அது. ஆர் கூட நிண்டு பார்த்தது. போட்டிருந்த சேட்டின்ர நிறம் கூட எழுதுங்கோ, பிறகு கமராப் பதிவில ஆளைத் தேடுறதுக்கு அதுதான் உதவும். அடுத்தநாள் அந்த இடத்துக்குப் போய் எந்தத் தூணில, எந்தக் கட்டடத்தில கமரா இருக்கு எண்டு பார்த்து எண்ணி வையுங்கோ. நிகழ்வு முடிஞ்சால் தற்காலிகக் கமராவைக் கழட்டிக்கொண்டு போயிடுவினம், ஆன படியால் சுணங்க வேண்டாம்.

3. பதிவை அழிக்க வேண்டாம் எண்டு ஒரு கடிதம்

இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. சிசிரிவி பெட்டியில இடம் நிரம்பினால் பழைய பதிவுக்கு மேல புதுசு தானாப் பதியும். சில இடத்தில ரெண்டு கிழமை, சில இடத்தில ஒரு மாதம். நீங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி (அது கீழ 5 இல வருது) விண்ணப்பம் போட்டு 14 வேலைநாள் முடிஞ்சு பதில் வரேக்க அங்க பதிவே இருக்காது. நான் விண்ணப்பத்தை நம்பிக்கொண்டு இருந்திட்டன், பதில் வந்தபோது "அக்காலப் பகுதிக்குரிய பதிவு தற்போது இல்லை" எண்டு இருந்தது.

அதால ரெண்டாம் நாளே தனியா ஒரு கடிதம் குடுங்கோ. நாலு வரி போதும்: இன்ன திகதி, இன்ன நேரத்தில இருந்து இன்ன நேரம் வரைக்கும், இன்ன இடத்துக் கமராப் பதிவு ஒரு முறைப்பாட்டுக்குத் தேவைப்படுது, அதை அழியாமல் எடுத்து வைக்கும்படி கேட்கிறன். இதில கோபமோ குற்றச்சாட்டோ எழுத வேண்டாம். கமரா வச்சிருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு பிரதி. நல்லூர் மாதிரி 25 நாள் திருவிழா எண்டால் ஒரு வீதியிலயே கோயில், மாநகரசபை, பொலிஸ், கடைக்காரர் எண்டு நாலு பேரின்ர கமரா இருக்கலாம். கடைக்காரருக்குக் கடிதம் எழுதிக்கொண்டு நிக்காதேங்கோ, நேர போய் "அண்ணை, இப்பிடி நடந்திட்டுது" எண்டு கதையுங்கோ. எங்களுக்கு ஒரு கடைக்கார அண்ணை தன்ர கமராவில இருந்து 40 நிமிசத்தை யூஎஸ்பியில போட்டுத் தந்தவர், தம்பி நிண்ட நேரத்துக்கு எங்களிட்ட இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

4. ஒரு மாதக் கணக்கு

இதைத் தவற விட்டால் திருப்ப ஏலாது. அடிப்படை உரிமை மீறல் எண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போறதெண்டால் அரசியலமைப்பின்ர 126 ஆம் உறுப்புரையின்படி சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள்ள மனுப் போட வேணும். கொழும்புக்குப் போய் வழக்குப் போட எங்களுக்கு வசதி இல்லை எண்டு நினைச்சு நீங்கள் அந்தப் பக்கமே யோசிக்காமல் விடலாம், நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஆனா அந்த ஒரு மாதத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில முறைப்பாடு குடுத்தால், அங்க விசாரணை நடக்கிற காலம் அந்த ஒரு மாதக் கணக்கில சேராது. இது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின்ர 13 ஆம் பிரிவில இருக்கு. யாழ்ப்பாணத்தில பிராந்தியக் காரியாலயம் இருக்கு, தமிழில எழுதிக் குடுக்கலாம், காசு இல்லை.

ஒரு பொறி: முறைப்பாட்டைப் போட்டிட்டுச் சும்மா இருந்தால் காணாது. விசாரணை உண்மையில நடந்துகொண்டு இருக்குது எண்டதைக் காட்ட வேண்டி வரும், அதால முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி, இடைக்கிடை எழுத்தில விசாரிச்சு அந்தக் கடிதங்களை வையுங்கோ. வழக்குப் போடுற யோசனை கொஞ்சம் இருந்தாலும் முதல் கிழமையே ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கோ, காசில்லாத ஆக்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின்ர கிளை யாழ்ப்பாணத்திலயும் இருக்கு.

5. கேள்வியை எழுதுறது

இனித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ), 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம், 2017 பெப்ரவரி 3 இல இருந்து நடைமுறையில இருக்கு. இதில நான் மூண்டு தரம் எழுதினன், மூண்டாவதுதான் சரி வந்தது.

முதல் விண்ணப்பத்தில "ஏன் என்ர தம்பியை மறிச்சீங்கள்" எண்டு கேட்டன். ஏன் எண்டு கேக்கிறது தகவல் இல்லை, அது விளக்கம். இந்தச் சட்டத்தில அவையிட்ட ஏற்கெனவே பதிவில இருக்கிற விசயத்தைத்தான் கேக்கலாம், கடிதம், சுற்றறிக்கை, ஒப்பந்தம், பதிவேடு, கட்டளை. அதால ஒவ்வொரு கேள்வியும் "பிரதி தருக" எண்டு முடியிற மாதிரி இருக்க வேணும்.

ரெண்டாவதில தம்பியைப் பற்றின பதிவை என்ர பேரில கேட்டன், தனிநபர் அந்தரங்கம் எண்டு 5(1)(அ) வைக் காட்டி மறுத்திட்டினம். அதே பிரிவிலயே சம்பந்தப்பட்ட ஆள் எழுத்தில சம்மதம் குடுத்தால் தரலாம் எண்டு இருக்கு. ஒண்டில் அவனே தன்ர பேரில கேக்க வேணும், அல்லது அவன் கையெழுத்து வச்ச சம்மதக் கடிதமும் ஐசிப் பிரதியும் சேர்த்து நான் குடுக்க வேணும். ஒரு பக்கக் கடுதாசி இல்லாததால எனக்கு ஒரு மாதம் போச்சு.

மூண்டாவதில கேட்டதை அப்பிடியே போடுறன், உங்கட இடத்துக்கும் திகதிக்கும் ஏற்ற மாதிரி மாத்துங்கோ. "மேற்படி நிகழ்வுக் காலத்தில் உங்கள் நிறுவனம் பொருத்திய அல்லது பயன்படுத்திய கமராக்களின் எண்ணிக்கையும் இடங்களும் உள்ள ஆவணத்தின் பிரதி." "முகங்களை ஒப்பிடும் மென்பொருள் ஏதும் பயன்படுத்தப்பட்டிருப்பின் அதன் பெயர், கொள்வனவு ஒப்பந்தத்தின் பிரதி, பயன்படுத்த அனுமதித்த கட்டளையின் பிரதி." "ஒப்பிடுவதற்கான பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதை நிர்ணயிக்கும் சுற்றறிக்கையின் பிரதி." "பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கட்டளையின் பிரதி." "மென்பொருள் காட்டிய ஒப்பீட்டை எந்தப் பதவியில் உள்ளவர் சரிபார்க்க வேண்டும் என்ற அறிவுறுத்தலின் பிரதி." "அக்காலத்தில் முக ஒப்பீட்டின் பேரில் நிறுத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை, அவர்களில் தவறாக அடையாளம் காணப்பட்டவர் என விடுவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை."

கடைசி ரெண்டையும் விட வேண்டாம் எண்டு சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. 2017 இல வேல்ஸில கார்டிப் நகரத்தில சம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்துக்குப் பொலிஸ் இந்தக் கமராவை வச்சது, மெசின் 2,470 தரம் "ஆள் இவர்தான்" எண்டு காட்டினது, அதில 2,297 பிழை. எங்களுக்கு இது தெரியிறதே அந்தப் பொலிஸ் எண்ணிக்கை வச்சு வெளியில விட்டதாலதான். மெசின் சொல்லுறது ஒரு ஊகம், எவ்வளவு ஒத்துப்போனால் மணி அடிக்க வேணும் எண்டு வைக்கிறதும் ஒரு மனிசன்தான். 2019 இல அமெரிக்காவின்ர நிஸ்ற் எண்ட அளவைநியம நிறுவனம் பரிசோதிச்சதில, கன மென்பொருள்கள் வெள்ளைக்காரரை விட ஆபிரிக்க, ஆசிய முகங்களைத்தான் 10 இல இருந்து 100 மடங்கு கூடுதலா ஆள்மாறிக் காட்டினது. எங்கட முகங்களோட ஒரு மெசினை வச்சு வேலை செய்யிறவையிட்ட "ஆர் சரிபார்த்தது" எண்டு கேக்கிறது அநியாயமான கேள்வி இல்லை. டெட்ரொயிற்றில 2020 ஜனவரியில ரொபேட் வில்லியம்ஸ் எண்டவரை மெசின் காட்டின படத்தை நம்பிப் பிடிச்சு ஏறக்குறைய 30 மணித்தியாலம் அடைச்சு வச்சவை, அவர் போட்ட வழக்கு 2024 இல இணக்கத்துக்கு வந்த பிறகு, முக ஒப்பீட்டை மட்டும் வச்சு ஆரையும் கைது செய்ய ஏலாது எண்டு அந்த நகரப் பொலிசுக்கு விதி வந்தது.

உங்கட விண்ணப்பத்தில இந்த வெளிநாட்டுக் கதை ஒண்டையும் எழுத வேண்டாம். கேள்வி மட்டும். ஏன் கேக்கிறீங்கள் எண்டதையும் எழுத வேண்டாம், சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லை, காரணம் எழுதினால் அதைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிப்பினம்.

6. ஆவணமும் காசும்

விண்ணப்பம் ரெண்டு பிரதி, ஐசிப் போட்டோக்கொப்பி, சம்மதக் கடிதம், வேற ஒண்டும் வேண்டாம். ஆர்டிஐ 01 எண்டு படிவம் இருக்கு, ஆனா அது கட்டாயம் இல்லை, வெள்ளைத் தாளில எழுதினாலும் எடுக்க வேணும், எழுத ஏலாத ஆள் வாயால சொன்னால் உத்தியோகத்தர் எழுதிக்கொள்ள வேணும். தமிழிலயே எழுதுங்கோ. வடக்கு கிழக்கில தமிழ் நிர்வாக மொழி, சிங்களத்தில பதில் வந்தால் தமிழில தரச் சொல்லித் திருப்பி எழுத உங்களுக்கு உரிமை இருக்கு.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு 2017 இல போட்ட கட்டண விதிப்படி முதல் நாலு பக்கம் சும்மா, அதுக்கு மேல ஏ4 போட்டோக்கொப்பி ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய், ஈமெயிலில தந்தால் காசில்லை. அதால "ஈமெயிலில் தருக" எண்டு ஒரு வரி சேருங்கோ. எனக்கு பதிவுத் தபால், போட்டோக்கொப்பி, பஸ் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு கொஞ்சம் மேல போச்சு. போன நாள்களின்ர சம்பளம்தான் பெரிசு, மூண்டு அரைநாள் லீவு.

ஒரு கவனம்: இந்தச் சட்டம் இலங்கைப் பிரசைகளுக்கு மட்டும்தான். கனடாப் பாஸ்போட்டோட திருவிழாவுக்கு வந்த மாமாவை மறிச்சால் அவர் பேரில போடேலாது, இங்க இருக்கிற மருமகப் பிள்ளை போட வேணும், மாமான்ர சம்மதக் கடிதத்தோட.

7. குடுக்கிறதும் நாள் எண்ணுறதும்

ஒவ்வொரு அரச நிறுவனத்திலயும் தகவல் உத்தியோகத்தர் ஒருத்தர் இருக்க வேணும், பேர் ஒட்டியிருக்க வேணும். நியமிக்கேல்லை எண்டால் நிறுவனத் தலைவரே அந்த உத்தியோகத்தர், அதால "ஆள் இல்லை, பேந்து வாங்கோ" எண்டால் "தலைவருக்கு" எண்டு முகவரி போட்டுக் குடுங்கோ.

நேர குடுக்கேக்க ரெண்டாவது பிரதியில திகதியோட சீல் அடிச்சு வாங்குங்கோ. நான் போன ஒரு கந்தோரில ஒரு விண்ணப்பத்தை வாங்கி மேசை லாச்சிக்குள்ள போட்டிட்டு "சரி தங்கச்சி, பாப்பம்" எண்டு விட்டவை, நானும் நன்றி சொல்லிட்டு வந்திட்டன். ஒரு மாதம் கழிச்சுப் போய்க் கேட்டால் அப்பிடி ஒரு கடிதமே வரேல்லை எண்டினம். அடுத்த தரம் சீல் அடிக்கும் வரைக்கும் கவுண்டரிலயே நிண்டன், ஊதா மையில திகதி ஒரு பக்கம் அழிஞ்ச மாதிரி விழுந்திட்டுது, "ஐயா, திகதி தெரியேல்லை, இன்னொருக்கா அடிச்சுத் தாங்கோ" எண்டு கேட்டு ரெண்டாந்தரம் அடிப்பிச்சன். பிறகு மேன்முறையீட்டுக்கு அந்த ரெண்டாவது சீல்தான் என்னைக் காப்பாத்தினது. சீல் அடிக்க மாட்டினம் எண்டால் சண்டை வேண்டாம், நேர தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில போடுங்கோ, துண்டை ஒட்டி வையுங்கோ.

கணக்கு இது. 14 வேலைநாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு முடிவு வர வேணும், போயா, சனி, ஞாயிறு சேராது, காலண்டரில பென்சிலால அடையாளம் போடுங்கோ. ஆவணம் கூட எண்டால் காரணம் எழுதி மேலும் 21 நாள் வரைக்கும் நீட்டலாம். ஆள் இன்னும் தடுப்பில இருக்கு எண்டால் கதை வேற, உயிர், தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு 48 மணித்தியாலத்துக்குள்ள பதில் தர வேணும், அந்த வரியை விண்ணப்பத்தின்ர தலையிலயே பெரிசா எழுதுங்கோ.

8. மறுத்தால், அல்லது பதிலே இல்லை எண்டால்

பேசாமல் இருக்கிறதும் மறுப்புத்தான். 14 நாளுக்குள்ள அதே நிறுவனத்தில குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தர் எண்டவருக்கு மேன்முறையீடு, அவருக்கு 3 கிழமை. அதுவும் சரி வரேல்லை எண்டால் 2 மாதத்துக்குள்ள கொழும்பில இருக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு, தபாலில அனுப்பலாம்.

இந்த விசயத்தில வழமையா வாற மறுப்பு ரெண்டு: தேசிய பாதுகாப்பு, குற்றத் தடுப்புக்குப் பாதிப்பு. உடன சோராதேங்கோ. 5(4) இல பொதுநலன் கூட எண்டால் தர வேணும் எண்டு இருக்கு, 6 ஆம் பிரிவில மறைக்க வேண்டிய பகுதியை மறைச்சு மிச்சத்தைத் தர வேணும் எண்டு இருக்கு. நான் மேன்முறையீட்டில எழுதினது: "பட்டியலில் உள்ளவர்களின் பெயர்களை நான் கேட்கவில்லை. பட்டியல் தயாரிக்கும் விதியையும் பதிவை வைத்திருக்கும் நாள்களையுமே கேட்கிறேன்." அதுக்குப் பிறகு வந்த பதிலில நாள் கணக்கும் கமரா எண்ணிக்கையும் இருந்தது, அதோட "முகங்களை ஒப்பிடும் மென்பொருள் எதுவும் இந்த அலுவலகத்தில் இல்லை" எண்டு கையெழுத்தும் சீலுமா ஒரு வரி. அப்ப தம்பியைக் காட்டினது ஒரு மனிசன்ர கண், வேற எங்கயோ இருந்து வந்த படம். அந்த வரியைத்தான் நாங்கள் மனித உரிமைகள் ஆணைக்குழுப் பைலுக்குள்ள வச்சம், படம் எங்க இருந்து வந்தது எண்டு கேக்கிறதுக்கு.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல, 9 ஆம் இலக்கம், நிறைவேறினது, அதில முக அளவு மாதிரி உயிரளவைத் தரவுக்குத் தனிக் காப்பு இருக்கு. ஆனா 2025 மார்ச்சில அமுலுக்கு வர இருந்த முக்கிய பகுதிகள் தள்ளிப்போச்சு. அதை நம்பி மட்டும் கடிதம் எழுத வேண்டாம், ஆர்டிஐயையே முதுகெலும்பா வையுங்கோ.

9. லண்டன், கார்டிப் பக்கம் இருக்கிற எங்கட ஆக்களுக்கு

அங்க பொலிஸ் வெளிப்படையாவே பாவிக்குது, நொட்டிங் ஹில் கார்னிவலில 2016, 2017 இலயும் திருப்பி 2025 இலயும் பாவிச்சது. 2020 ஓகஸ்ற்றில மேன்முறையீட்டு நீதிமன்றம் எட் பிரிட்ஜஸ் எண்டவர் போட்ட வழக்கில சவுத் வேல்ஸ் பொலிஸ் பாவிச்ச விதம் சட்டப்படி இல்லை எண்டு சொன்னது, ஆரைப் பட்டியலில போடுறது, எங்க கமரா வைக்கிறது எண்டதைப் பொலிஸ்காரரின்ர விருப்பத்துக்கே விட்டதுதான் முக்கிய குறை.

அங்க உங்களை மறிச்சால் நேரம்தான் எதிரி. லண்டன் மெற்றோபொலிற்றன் பொலிசின்ர விதிப்படி ஒப்பிடுற பட்டியல் 24 மணித்தியாலத்துக்குள்ள அழியும், கமராப் பதிவு 31 நாள் வரைக்கும்தான் இருக்கும். அதுக்குள்ள உங்களைப் பற்றின தரவைத் தரச் சொல்லி எழுத்தில கேளுங்கோ, காசில்லை, ஒரு மாதத்துக்குள்ள பதில் வர வேணும், நேரத்தையும் ஸ்ரேஷன் வாசலையும் போட்டிருந்த உடுப்பையும் எழுதி, ஒரு படமும் இணையுங்கோ, இல்லாட்டி "அடையாளம் காண ஏலாது" எண்டு திருப்பி அனுப்புவினம்.

பொதுத் தகவல் கேக்கிறதெண்டால் அங்கத்தைய 2000 ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்துக்குப் பிரசாவுரிமை தேவையில்லை, 20 வேலைநாளில பதில், பேரும் ஒரு ஈமெயில் முகவரியும் போதும். அதால அங்க இருக்கிற அக்கா வேலை முடிஞ்சு வந்து எழுதட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை, இங்க கொக்குவிலில இருந்துகொண்டு நீங்களே போனில எழுதி அனுப்பலாம்.